மணத்தக்காளி: உணவின் அளவும் மருந்தின் அளவும்

வாயில் புண் என்றால் மணத்தக்காளி, வயிற்றில் எரிச்சல் என்றால் மணத்தக்காளி, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு வைத்தால் அதிலும் மணத்தக்காளி வற்றல். தமிழ்ச் சமையலறையில் இவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதித்த செடிகள் அதிகமில்லை. தென் மாவட்டங்களில் சுக்குட்டிக் கீரை என்றும் வேறு சில இடங்களில் மிளகு தக்காளி என்றும் வழங்கும் இது, யாரும் விதைக்காமலே கொல்லைப்புறத்தில் முளைக்கும். பறவையின் எச்சத்தோடு ஒரு விதை விழுந்தால் போதும். இப்போது அந்த நம்பிக்கை கொல்லையைத் தாண்டிக் கடைக்கு வந்திருக்கிறது. பொடியாக, சாறாக, காப்ஸ்யூலாக, முகத்தில் பூசும் களிம்பாக விற்கிறார்கள். கல்லீரலைக் காக்கும், தோலைப் பளபளப்பாக்கும், புற்றுநோயைத் தடுக்கும் என்கின்றன விளம்பரங்கள். இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயல்வது ஒன்றைத்தான். சமையலறையில் இந்தச் செடி பெற்ற பெயர் பெருமளவு நியாயமானது. அந்தப் பெயரை அப்படியே தூக்கிக் காப்ஸ்யூலுக்கும் களிம்புக்கும் சூட்ட முடியாது. ஏனென்றால் இதில் மருந்தென்று பேசப்படும் பொருள்களும் நஞ்சென்று பேசப்படும் பொருள்களும் பெரும்பாலும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். இரண்டுக்கும் நடுவே நிற்பது அளவு.

செடியை முதலில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை வளரும். கரும்பச்சை இலை, விளிம்பில் ஒழுங்கில்லாத மெல்லிய வளைவுகள். பூ, விரல் நகத்தைவிடச் சிறியது. ஐந்து வெள்ளை இதழ்கள் பின்னோக்கி மடங்கியிருக்க, நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் நெருங்கிக் கூம்பாக நிற்கும். தக்காளிப் பூவையும் கத்தரிப் பூவையும் பார்த்துப் பழகியவர்களுக்கு உறவு உடனே தெரிந்துவிடும். உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை, ஊமத்தை எல்லாம் இதே குடும்பம்தான். மிளகளவு காய்கள் நாலைந்து சேர்ந்து கொத்தாகத் தொங்கும். பழுத்தால் சில செடிகளில் மங்கலான கறுப்பு, சிலவற்றில் பளபளக்கும் கருஊதா, சிலவற்றில் ஆரஞ்சுச் சிவப்பு. இந்த நிற வேறுபாடு சாதாரணமானதில்லை. 1753-ல் லின்னேயஸ் இவற்றையெல்லாம் சொலானம் நைக்ரம் என்ற ஒரே இனத்தின் வகைகளாக எழுதி வைத்தார். 1768-ல் பிலிப் மில்லர் சிலவற்றைத் தனி இனங்களாகப் பிரித்தார். பிற்காலத்தில் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபோது மில்லரின் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்தது. சொலானம் அமெரிக்கானத்துக்கு 24, ஆரஞ்சுப் பழம் தரும் சொலானம் வில்லோசத்துக்கு 48, சொலானம் நைக்ரத்துக்கு 72. முதல் இரண்டும் கலந்து பிறந்ததே மூன்றாவது என்று மரபியலாளர்கள் கருதுகிறார்கள். நம் சந்தையில் கட்டாக வரும்போது மூன்றுக்கும் பெயர் மணத்தக்காளிதான். ஆகவே ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஏதோ ஒரு செடியில் கண்ட பலன், உங்கள் கையிலுள்ள கட்டுக்கும் பொருந்துமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்துவிடுகிறது. உறையில் ‘மணத்தக்காளிப் பொடி’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

இந்தச் செடிகள் பூச்சியும் பூஞ்சையும் தங்களைத் தின்னாமல் இருக்கக் கிளைக்கோஆல்கலாய்டு என்னும் கசப்புப் பொருள்களைத் தயாரிக்கின்றன. சொலானின், சொலசோனின், சொலமார்ஜின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வில் கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டீரால்கள் இருக்கின்றன. கிளைக்கோஆல்கலாய்டு அவற்றோடு ஒட்டிக்கொண்டு சவ்வைக் கிழிக்கிறது. பூஞ்சையின் செல்லானாலும் புற்றுநோய்ச் செல்லானாலும் நம் குடலின் நல்ல செல்லானாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கூடவே, நரம்புகள் தங்களுக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ரசாயனத்தை வேலை முடிந்த பின் சிதைக்கும் ஒரு நொதியையும் இது தடுக்கிறது. முளைவிட்டுப் பச்சை பூத்த உருளைக்கிழங்கைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தலைச்சுற்றலும் வருவது இதனால்தான். உருளைக்கிழங்கில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதென்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட வரம்பு. 2020-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உருளைக்கிழங்குக் கிளைக்கோஆல்கலாய்டுகளை ஆராய்ந்து, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவிலேயே கெடுதியின் அறிகுறிகள் தொடங்கக்கூடும் என்று முடிவு செய்தது. மணத்தக்காளியில் பச்சைக் காயில்தான் இந்தப் பொருள் கூடுதல். பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். செடியின் நோக்கில் அது சரிதான். விதை முற்றும்வரை யாரும் தொடக் கூடாது; முற்றிய பிறகு பறவை வந்து தின்றாக வேண்டும்.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தகங்கள் இதை நச்சுச் செடி என்று எழுதியிருக்கின்றன. நாம் தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோம். அப்படியானால் அந்தப் புத்தகங்கள் பொய்தானே? ஒரு பகுதி பொய்தான். ஐரோப்பாவில் இதன் பெயர், அட்ரோபா பெல்லடோனா என்ற கொடிய நஞ்சுச் செடியின் பெயரோடு குழம்பிப்போயிற்று. பெல்லடோனாவில் இருப்பது அட்ரோபின், முற்றிலும் வேறு பொருள். அதன் கனி பெரியது. கொத்தாக வராமல் தனியாக, விரிந்த புல்லிவட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் பார்த்தவர் குழம்ப மாட்டார். அமெரிக்காவில் 1909-ல் லூதர் பர்பாங்க் என்ற புகழ்பெற்ற தாவர வளர்ப்பாளர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு செடியைப் புதிய பழமாக அறிமுகப்படுத்தியபோது, அது வெறும் நச்சுக் களை என்று பெரிய சண்டையே நடந்தது. அதே சமயம், கிழக்கு ஆப்பிரிக்காவில் இதன் நெருங்கிய உறவான சொலானம் ஸ்கேப்ரமும் வில்லோசமும் அன்றாடக் கீரைகள். கென்யாவில் மனாகு என்ற பெயரில் சந்தையில் குவிந்து கிடக்கும். இரண்டு கண்டங்களில் கோடிக்கணக்கானோர் சமைத்துத் தின்னும் ஒன்றை நஞ்சு என்று ஒரே வரியில் முடிப்பது தவறு. ஆனால் எதிர்ப்பக்கத்து முடிவும் இதிலிருந்து கிடைத்துவிடாது. கால்நடைகளும் குழந்தைகளும் பச்சைக் காயைத் தின்று நோயுற்ற செய்திகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கிளைக்கோஆல்கலாய்டின் அளவு இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஆகவே நம் அனுபவம் உறுதிப்படுத்துவது, நாம் தின்னும் வகையை நாம் தின்னும் அளவில் தின்றால் ஆபத்தில்லை என்பதை மட்டுமே.

அந்த அளவு எவ்வளவு என்று சமையலறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைப்பார்கள். அல்லது அரிசி களைந்த தண்ணீரில் வேகவைத்து, சின்ன வெங்காயமும் சீரகமும் சேர்த்து, கடைசியில் தேங்காய்ப் பால் ஊற்றித் தண்ணிச் சாறாக இறக்குவார்கள். காயை வற்றலாக்குவது நாலைந்து நாள் வேலை. பச்சைக் காயைக் காம்பு நீக்கி, ஒவ்வொன்றையும் லேசாக நசுக்கியோ கீறியோ, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைப்பார்கள். மறுநாள் காலை வடித்துத் துணியில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுவார்கள். மோர் வற்றும்வரை இப்படியே நடக்கும். கடைசியில் கல்போல் காய்ந்து, கறுத்துச் சுருங்கி, உப்பு பூத்த மணிகளாக டப்பாவுக்குள் போகும். குழம்பு வைக்கும்போது நல்லெண்ணெயில் ஒரு கரண்டி பொரித்துப் போட்டால் வீடே மணக்கும்.

‘மோரின் புளிப்பில் நஞ்சு கரைந்துவிடும், முன்னோர்கள் ரசாயனம் தெரிந்தே இப்படிச் செய்தார்கள்’ என்று இந்த முறையைப் பற்றி எழுதிவிடுவது எளிது. பாதி சரியும்கூட. கிளைக்கோஆல்கலாய்டு அமிலத்தில் நன்றாகக் கரையும். ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுக்கவே நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். மோரிலுள்ள லாக்டிக் அமிலம் அதே வேலையைச் செய்யும்தான். ஆனால் மோரை நாம் கொட்டுவதில்லையே. கரைந்து வெளியே வந்தது மறுநாள் அதே காய்க்குள் திரும்பிப் போகிறது. கீரை வெந்த தண்ணீரையும் தமிழ்ச் சமையல் வடித்துவிடுவதில்லை, சாறே அதுதான். சாதாரணக் கொதிநிலையில் கிளைக்கோஆல்கலாய்டு பெரிதாகச் சிதைவதும் இல்லை. ஆக, நச்சு நீக்கும் தந்திரம் நம் சமையலில் ஒளிந்திருக்கிறது என்ற பெருமையைச் சான்று தாங்கவில்லை. சான்று சொல்லும் காரணம் இன்னும் எளிமையானது. பாதுகாப்பு, கரண்டியில் இருக்கிறது. கசக்கும் பச்சைக் காயை யாரும் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதில்லை; வற்றலாக்கிக் குழம்பில் நாலு மணி கடித்துக்கொள்கிறார்கள். வளர்க்கத் தேர்ந்த செடிகளும் கசப்புக் குறைந்தவையாக இருந்திருக்கும். நாக்கு கசப்பை விலக்கும்போது அதிலுள்ள ஆல்கலாய்டையும் சேர்த்தே விலக்குகிறது. பாட்டிகளின் அறிவை நான் குறைக்கவில்லை. அது எதில் இருந்ததோ அதில் வைத்து மதிக்க வேண்டும் என்கிறேன்.

இனி வாய்ப்புண்ணுக்கு வருவோம். இதில்தான் மணத்தக்காளியின் பெயர் எல்லாவற்றையும்விட உறுதியாக நிற்கிறது. உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலும் நாக்கோரத்திலும் வரும் சாதாரணக் குழிப்புண் எதுவும் செய்யாவிட்டாலும் ஏழு முதல் பதினான்கு நாளில் ஆறிவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் கீரையைத் தேடுவோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் இயல்பாகவே வரும். பெயர் கீரைக்குப் போய்விடும். இந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு யார் சொல்லும் அனுபவத்தையும் ஏற்க முடியாது. ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி-12 வைட்டமினும் குறைவாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ரைபோஃப்ளேவின் குறைந்தால் வாயோரம் வெடித்துப் புண்ணாகும், நாக்கு சிவந்து எரியும். வாயின் உட்தோல் உடலிலேயே மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களில் ஒன்று. செல்கள் இடைவிடாமல் பிரியும் இடத்தில் டி.என்.ஏ. தயாரிக்க ஃபோலிக் அமிலம் இடைவிடாமல் வேண்டும். பற்றாக்குறை முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். இந்தியர்களின் உணவுக்கென நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ஊட்டச்சத்து அட்டவணை, 100 கிராம் மணத்தக்காளிக் கீரையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 400 மில்லிகிராமை ஒட்டிய கால்சியமும் காட்டுகிறது. கீரைக்கு இது நல்ல கணக்கு. (பழைய அட்டவணைகளில் கீரைகளின் இரும்புச் சத்தை மட்டும் அப்படியே நம்பக் கூடாது, இலையில் ஒட்டிய மண்ணின் இரும்பும் சேர்ந்துகொண்டதால் அந்த எண்கள் பின்னர் பெரிதும் திருத்தப்பட்டன.) அரிசியே பெரும்பங்கான சாப்பாட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இந்தக் கீரை சேர்ந்தால், ஃபோலிக் அமிலக் குறைவால் வந்த புண்ணுக்கு அது உண்மையிலேயே மருந்து. பி-12 குறைவால் வந்ததற்கு எந்தக் கீரையும் உதவாது. அந்த வைட்டமின் தாவரத்தில் இல்லை. பால், மோர், முட்டை, மீன், இறைச்சி வழியாகவோ மாத்திரையாகவோதான் வர வேண்டும்.

இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரக்கூடும். ‘சத்துதான் காரணமென்றால் அரைக்கீரையும் முருங்கைக் கீரையும் இதே பலனைத் தர வேண்டுமே, மணத்தக்காளிக்கு மட்டும் ஏன் இந்தப் பெயர்?’ என்பது ஒன்று. ‘தலைமுறைகளின் அனுபவத்தை ஓர் எலிச் சோதனையைவிடக் கீழாக வைப்பதா?’ என்பது இன்னொன்று. முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கான பதில் சோதித்தே கிடைக்கும், சோதிக்கும் வழியைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவதற்கு என் பதில், அனுபவத்தின் பலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதே. தின்ற அன்றே வயிற்றைப் புரட்டும் பொருளை அனுபவம் தவறாமல் கண்டுபிடிக்கும்; அந்த விஷயத்தில் பத்துத் தலைமுறைகளின் நாக்கை மிஞ்சிய ஆய்வகம் கிடையாது. தானாக ஆறும் நோய், வந்து வந்து போகும் நோய், வருஷக்கணக்கில் மெல்ல வளரும் நோய் ஆகியவற்றில் எது எதனால் ஆனது என்று பிரித்துச் சொல்ல அனுபவத்துக்கு வசதி இல்லை. மணத்தக்காளியை உணவாகத் தின்னலாம் என்பதற்கு அனுபவமே முதல்தரச் சாட்சி. அது நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்கு அதே அனுபவம் ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே.

வயிற்றுப் புண்ணை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மணத்தக்காளிக் கனியிலிருந்து மெத்தனாலில் பிரித்த சாறு, எலிகளுக்குச் செயற்கையாக உண்டாக்கிய இரைப்பைப் புண்ணைக் குறைத்தது. அமிலம் சுரக்கும் நொதியையும் கட்டுப்படுத்தியது. ஒமிப்ரசோல் மாத்திரை பிடிப்பதும் அதே நொதியைத்தான். மதிக்கத்தக்க முடிவு. ஆனால் எலி குடித்தது தண்ணிச் சாறு அல்ல. மெத்தனால் இழுக்கும் பொருள்கள் வேறு, அரிசி களைந்த தண்ணீரும் தேங்காய்ப் பாலும் இழுப்பவை வேறு. இன்னொரு புறம், உருளைக்கிழங்குக் கிளைக்கோஆல்கலாய்டுகள், குடல் அழற்சிக்கு எளிதில் ஆளாகும் எலிகளின் குடலை மேலும் கெடுக்கின்றன என்று காட்டிய சோதனைகளும் உண்டு. ஒரே குடும்பத்துப் பொருள் ஓரிடத்தில் ஆற்றுகிறது, ஓரிடத்தில் கீறுகிறது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. சவ்வைத் தொடும் எந்தப் பொருளும் அப்படித்தான் நடந்துகொள்ளும். மனிதர்களின் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலிநிவாரணி மாத்திரைகளும். அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் ஒழியும் பாக்டீரியாவை, கூட்டு வைத்துத் தின்று வருஷக்கணக்கில் வயிற்றில் வைத்துக்கொள்வதால் கீரைக்கும் பெருமையில்லை. காரமும் எண்ணெயும் குறைந்த கூட்டு எரிகிற வயிற்றுக்கு இதமாக இருக்கும். அது போதுமான நன்மை.

கல்லீரல் பற்றிய செய்தி கேரளத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் ரூபி ஜான் ஆன்டோவின் குழு, மணத்தக்காளி இலையிலிருந்து உட்ரோசைட்-பி என்ற சாப்போனினைப் பிரித்தெடுத்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டது. கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில் பாதியை முடக்க சோராஃபெனிப் என்ற மருந்து 5.8 மைக்ரோமோல் தேவைப்பட்டபோது உட்ரோசைட்-பி 0.5 மைக்ரோமோலிலேயே அதைச் செய்தது. எலிகளில் வளர்த்த கட்டிகளும் சுருங்கின. 2021-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அரிய நோய்க்கான மருந்துத் தகுதி வழங்கியது. பத்திரிகைகளில் அது மருந்துக்கே கிடைத்த அங்கீகாரம்போல வெளியாயிற்று. அந்தத் தகுதி ஆராய்ச்சிக்கு ஊக்கம் தருவதற்கானது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பலன் நிறுவிய பிறகே மருந்துக்கு அனுமதி கிடைக்கும். நம் மண்ணின் கீரையிலிருந்து இப்படியொரு மூலக்கூறு வந்ததில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த ஆய்வின் வழியைக் கவனியுங்கள்: கிலோக்கணக்கான இலையை உலர்த்தி, கரைத்து, பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, ஒற்றை மூலக்கூறைத் தனியாக்கி, அதை எடைபோட்டுத் தந்தார்கள். ‘மணத்தக்காளி கல்லீரல் புற்றைக் குணமாக்கும்’ என்று இதைச் சுருக்கிச் சொல்பவர் அந்த உழைப்பு முழுவதையும் அழித்துவிடுகிறார். மஞ்சள் காமாலைக்கு இதன் சாற்றைக் குடித்துவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஏமாறுவது இந்தச் சுருக்கத்தால்தான்.

தோலுக்கு வரும்போது விளம்பரம் மிக உரக்கப் பேசுகிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆயுர்வேதத்தில் காகமாசி என்ற பெயரில் இது தோல் நோய்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இலையை அரைத்துச் சொறிக்கும் வீக்கத்துக்கும் பற்றுப் போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதே மரபு இதன் ஆபத்தையும் மறைக்கவில்லை. சரக சம்ஹிதை காகமாசியைத் தேனோடு சேர்த்து உண்பதை உயிருக்கே ஊறு செய்யும் சேர்க்கைகளில் வைக்கிறது. அந்தக் குறிப்பிட்ட சேர்க்கை இன்றைய வேதியியலுக்குப் பொருந்துகிறதா என்பதைவிட, இந்தச் செடியை எச்சரிக்கையோடு கையாண்டார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உள்ளுக்குச் சாப்பிடுவதால் தோலுக்குக் கிடைக்கும் நன்மை, வாய்ப்புண் கதையின் தொடர்ச்சிதான். கீரையின் பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. அது குறைந்தால் தோல் வறண்டு சொரசொரக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் ஒரு காலத்தில் பரவலாகக் காணப்பட்ட ஃபிரைனோடெர்மா, அதாவது முழங்கையிலும் முழங்காலிலும் முள் முள்ளாகத் தோல் தடிக்கும் கோளாறு, பி வைட்டமின்களும் நல்ல எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களும் கொடுத்தபோது குணமானது. சத்துக் குறைந்த தோலைச் சாப்பாடு சரிசெய்யும். சத்துக் குறையாத தோலை அது மேலும் வெளுப்பாக்கவோ பளபளப்பாக்கவோ செய்யாது. பழுத்த கறுப்புக் கனியின் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின்கள் சோதனைக் குழாயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது உண்மை. தின்ற பின் அவற்றில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் ஏறுகிறது என்பதும் அதே அளவு உண்மை.

வெளியே பூசும் மருந்தாக இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த மிக உறுதியான சான்று வேறொரு செடியிலிருந்து வந்தது. சொலானம் லின்னேயானம் என்ற முள் நிறைந்த ஆப்பிரிக்கக் களைச் செடியின் காயிலிருந்து சொலசோனினையும் சொலமார்ஜினையும் எடுத்து, வெறும் 0.005 சதவீதம் கலந்து ஒரு களிம்பு செய்தார்கள். பிரிட்டனில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், அடித்தளச் செல் புற்று என்ற தோல் புற்றுள்ள 94 பேருக்கு, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில், சிலருக்கு இந்தக் களிம்பும் சிலருக்கு மருந்தில்லாத களிம்பும் கொடுக்கப்பட்டன. எட்டு வாரத்தில் மருந்துக் களிம்பு பூசியவர்களில் 66 சதவீதத்தினருக்குப் பலன் தெரிந்தது. மருந்தில்லாததைப் பூசியவர்களில் 25 சதவீதத்தினருக்கும் தெரிந்தது. இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பொருள் வேலை செய்கிறது என்பதை முதல் எண் சொல்கிறது. ஒப்பிட ஆளில்லாமல் சோதித்திருந்தால் வெறும் களிம்பும் கால்வாசிப் பேரிடம் பேர் வாங்கியிருக்கும் என்பதை இரண்டாவது எண் சொல்கிறது. இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும்: சிக்கலில்லாத இந்தப் புற்றை அறுவை செய்து எடுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது. மேல்தோல் மூடிக்கொண்டு அடியில் புற்று மிஞ்சிவிடும் அபாயம் களிம்பில் உண்டு. அமெரிக்காவில் அதற்கு மருந்தாக அனுமதி கிடைக்கவில்லை. நம் பேச்சுக்கு இதில் முக்கியமான பாடம் அந்த 0.005 சதவீதம். இவ்வளவு சிறிய அளவிலேயே செல்களைக் கொல்லும் பொருளை, எவ்வளவு இருக்கிறதென்று அளக்காத சாறாக முகத்தில் தினமும் தேய்ப்பது அழகுக் குறிப்பாக இருக்க முடியாது.

‘செடியை மூலக்கூறு மூலக்கூறாகப் பிய்த்தால் முழுச் செடியின் பலன் தெரியாது, பல பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன’ என்பது சித்த மருத்துவத்தை நேசிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் மறுப்பு. இதை நான் ஏற்கிறேன். அப்படியே நடக்கவும் கூடும். ஆனால் முழுச் செடியைச் சோதிக்க முடியாது என்ற முடிவு அதிலிருந்து வராது. முழுக் கீரையையே சோதிக்கலாம். அதற்குப் பெரிய கருவிகூடத் தேவையில்லை. அடிக்கடி வாய்ப்புண் வருகிற இருநூறு பேரைச் சேர்த்து, முதலில் ரத்தத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி-12-ம் அளந்துகொள்ள வேண்டும். சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு வாரத்தில் நான்கு நாள் மணத்தக்காளிக் கூட்டு, மீதிப் பேருக்கு அதே அளவு அரைக்கீரைக் கூட்டு. எத்தனை நாள் புண் இருந்தது என்று ஆறு மாதம் குறித்து வர வேண்டும். வாயைப் பார்த்து எழுதும் மருத்துவருக்கு யார் எந்தக் கீரை என்பது தெரியக் கூடாது. எந்த இனத்துச் செடி என்பதைத் தாவரவியலாளர் ஒருவர் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். இரண்டு கூட்டத்திலும் புண் ஒரேபோலக் குறைந்தால், கீரையே மருந்து, மணத்தக்காளிக்குத் தனிச் சிறப்பில்லை என்று தெரிந்துவிடும். மணத்தக்காளி முந்தினால், பாட்டி சொன்னதற்கு உலகம் மறுக்க முடியாத சான்று கிடைத்துவிடும். எந்த முடிவு வந்தாலும் நமக்கு லாபம்தான். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. கீரை விலையும் பெரிதில்லை. இந்தச் சோதனையைத் தமிழ்நாடு செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

அதுவரை இந்தச் செடியைச் சமையலறையிலேயே வைத்திருங்கள். கீரையை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தயக்கமின்றிச் சமைக்கலாம், வற்றலைக் கரண்டி அளவில் நிறுத்திக்கொள்ளலாம், நன்றாகப் பழுத்த கனியை மட்டும் பிள்ளைகளுக்குத் தரலாம், பச்சைக் காயைப் பறித்துத் தின்ன விடக் கூடாது. காப்ஸ்யூல் வாங்குவதற்கு முன், எந்த இனம், எந்தப் பகுதி, ஒரு காப்ஸ்யூலில் கிளைக்கோஆல்கலாய்டு எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். பதில் எழுதப்படாத குப்பியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெற்றிலை பாக்கும் புகையிலையும் பரவலாக உள்ள ஊர் நம்முடையது. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீரையை நம்பித் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.